பர்ஸ் பேட்டர்ன் வாங்கினால் துணியை வெட்டும் முன் நூல் வைத்து அளந்து பாருங்கள்

போன மாதம் ஆன்லைனில் ஒரு சின்ன பர்ஸ் பேட்டர்னை, அதாவது நாமே பிரிண்ட் எடுத்துத் துணி வெட்டும் அளவுப் படத்தை, காசு கொடுத்து வாங்கினேன். விற்றவர் அதை ஒருமுறைகூடத் தைத்துப் பார்த்ததில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். வெறும் கோபத்தில் சொல்லவில்லை, கணக்கோடு சொல்கிறேன்.

மேலே ஜிப், முன்னும் பின்னும் இரண்டு துண்டு, இரண்டையும் சேர்த்துப் பக்கவாட்டிலும் அடியிலும் சுற்றி வரும் ஒரு பட்டை. அவ்வளவுதான் பர்ஸ். 'புதிதாகத் தைப்பவர்களுக்கும் எளிது' என்று போட்டிருந்தது. என் மகள் சிறுமியாக இருந்தபோது போட்ட பூப்போட்ட கவுனை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். அந்தத் துணியில் தைத்து அவளுக்கே கொடுக்க வேண்டும் என்று ஆசை. அதில் பர்ஸுக்குத் தேறும் துணி ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

பிரிண்ட் எடுக்கும்போது கவனமாகத்தான் இருந்தேன். 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் எடுத்தேன். அளவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தாளில் போட்டிருக்கும் சோதனைக் கட்டத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 5 செ.மீ. என்றால் சரியாக 5 செ.மீ. இருந்தது. சரி, இனி பயமில்லை என்று துணியை வெட்டி, பின்பக்கம் கேன்வாஸ் ஒட்டி, குண்டூசி குத்த ஆரம்பித்தேன்.

நடு அடியில் தொடங்கி இரண்டு பக்கமும் மேலே போனால், பட்டை ஜிப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. நான்தான் வளைவில் தப்பு செய்கிறேன் போல என்று, பட்டையின் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு மறுபடி குத்தினேன். பட்டையை மேலே சமமாக வைத்தால் மூலையில் துணி பிதுங்கி மடிப்பு விழுந்தது. கேன்வாஸ் ஒட்டிய துணி அதிகம் போனால் சில மில்லிமீட்டர் அடங்கும், அதற்கு மேல் அடங்காது. மூன்று முறை தைத்து மூன்று முறை பிரித்தேன். மூன்றாவது தடவை பிரிக்கும்போது இடது மூலையில் ஊசி ஓட்டைகள் பூவுக்கு நடுவே வரிசையாகத் தெரிந்தன. அழுகையே வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். பேட்டர்ன் தாளை எடுத்து, முன்துண்டின் புள்ளிக்கோட்டின் மேல், அதாவது தையல் ஓடும் கோட்டின் மேல், ஒரு நூலை வைத்து ஒரு மேல்முனையிலிருந்து மறு மேல்முனை வரை ஓட்டி அளந்தேன். 39 செ.மீ.க்குச் சற்று மேல். பட்டையோ தாளில் பாதிதான், 21 செ.மீ.; துணியை இரண்டாக மடித்து மடிப்பில் வைத்து வெட்டினால் 42.

இந்த 42 எங்கிருந்து வந்தது? துண்டின் உயரம் 12, அகலம் 18. 12, 18, 12 கூட்டினால் 42. அதாவது மூலை சதுரமாக இருப்பதாக நினைத்துப் பட்டைக்கு அளவு போட்டிருக்கிறார். ஆனால் துண்டின் அடி மூலைகள் இரண்டும் 3 செ.மீ. ஆரத்தில் வட்டமானவை. நேர்ப்பக்கம் 9, 12, 9. இரண்டு கால்வட்டமும் சேர்ந்து 9.4. மொத்தம் 39.4. பட்டை 2.6 செ.மீ. அதிகம். ஒரே ஒரு தடவை, பழைய துணியிலாவது தைத்துப் பார்த்திருந்தால் இது கண்ணில் படாமல் போகாது.

இவ்வளவையும் அளவோடு, படத்தோடு எழுதி அனுப்பினேன். 'உங்கள் பிரிண்டர் அளவை மாற்றியிருக்கும்' என்று பதில் வந்தது. பிரிண்டர் சுருக்கினால் எல்லாத் துண்டும் சேர்ந்தேதான் சுருங்கும். 97 சதவீதத்தில் வந்தால் சோதனைக் கட்டம் 4.85 செ.மீ. இருக்கும், பர்ஸ் கொஞ்சம் சின்னதாகும். துண்டுக்கும் பட்டைக்கும் பொருந்தாமல் போகாது. இதை விளக்கியதும், டவுன்லோடு செய்த பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்று முடித்துவிட்டார். நீங்கள் தைத்த பர்ஸின் உள்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

அப்புறம்தான் விற்பனைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இருக்கும் பர்ஸின் அடி மூலைகள் கூராக இருக்கின்றன! அந்தப் பர்ஸ் இந்தப் பேட்டர்னில் தைத்ததே இல்லை. வாங்கும் முன் அதைப் பார்க்காமல் விட்டது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நீங்கள் வாங்கும் முன், தைத்த பர்ஸின் மூலையையும் உள்பக்கத்தையும் கிட்டத்தில் காட்டும் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். வேறு யாராவது தைத்துப் போட்ட படம் இருந்தால் அதைவிட நல்லது. தையலுக்கு எவ்வளவு துணி விட வேண்டும், அது வெட்டுக்கோட்டுக்கு உள்ளே அடங்கியிருக்கிறதா என்று எழுதாத பேட்டர்னை நான் இனி தொடமாட்டேன். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், சேர்த்துத் தைக்கும் இரண்டு கோடுகளையும் நூல் வைத்து அளங்கள். வெட்டுக்கோட்டை அளக்காதீர்கள். வளைவில் அது தையல்கோட்டைவிட நீளமாக இருக்கும். இரண்டு அளவும் ஒத்துவந்த பிறகு ஒரு பழைய துணியில் தைத்துப் பாருங்கள். நல்ல துணியை அதற்கப்புறம் எடுங்கள்.

பட்டையை 39.4க்குக் குறைத்து, முனைகளில் தையலுக்கு இடம் விட்டுக் கடைசியில் தைத்து முடித்துவிட்டேன். மூலை அழகாகத் திரும்பியது. ஊசி ஓட்டைகளை மறைக்க அந்த இடத்தில் சின்னதாக ஒரு இலை எம்பிராய்டரி போட்டிருக்கிறேன். அதே படத்தோடு அந்தப் பேட்டர்ன் நேற்றுகூட விற்பனையில் இருந்தது.