டீசல் வண்டியில் ஏர் எடுக்க, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, எது நல்லது: கை பம்பா, செல்ஃபா, எலக்ட்ரிக் பம்பா?

பெங்களூர் ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி தாண்டும்போது என் பழைய டீசல் ஜீப் இரண்டு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. டேங்க் காலி. கேனில் ஐந்து லிட்டர் வாங்கி வந்து ஊற்றி, சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாகச் சுற்றியது, இன்ஜின் மட்டும் பிடிக்கவே இல்லை. பெட்ரோல் வண்டியாக இருந்தால் இந்நேரம் சில்க் போர்டு போயிருக்கலாம்.

டீசலில் சிக்கல் வேறு. டேங்க் காலியானால் குழாயில் காற்று புகுந்துவிடும். இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் பழைய வகை நாசில் திறக்க 100 முதல் 250 பார் வரை அழுத்தம் வேண்டும். டீசல் அமுங்காததால் பம்ப் தள்ளியதும் அந்த அழுத்தம் வந்துவிடும். குழாயில் காற்று இருந்தால் அது சுருங்கி விரிந்து விளையாடுமே தவிர, நாசில் திறக்காது. அந்தக் காற்றை வெளியே விட மூன்று வழி உண்டு. மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

அன்று முதலில் செய்தது செல்ஃப் அடிப்பதுதான். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், டூல்ஸ் எதுவும் வேண்டாமே. ஆனால் மூன்றில் மிக மோசமான வழி இது. பேட்டரி இறங்கும், செல்ஃப் மோட்டார் சூடேறும். அதைவிட முக்கியம் பம்ப். சில வண்டிகளில் உள்ள ரோட்டரி வகை இன்ஜெக்ஷன் பம்புக்கு உள்ளே எண்ணெய்ப் பசை தருவதே டீசல்தான். வறட்சியாகச் சுற்றச் சுற்றத் தேயும். பக்கத்தில் லாரியை நிறுத்திய ஒரு தமிழ் டிரைவர் சத்தம் கேட்டு இறங்கி வந்தார். "தம்பி, போதும் விடுங்க, பேட்டரி போயிடும். முதல்ல ஏர் எடுங்க" என்றார். அடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு முறைக்கு 10 விநாடி, பிறகு அரை நிமிடம் ஓய்வு, அவ்வளவுதான்.

அவர் காட்டியது கை பம்ப். என் வண்டியில் இருப்பது அடுகோடியில் செய்த இன்லைன் வகை இன்ஜெக்ஷன் பம்ப். 2008-இல் கம்பெனி பெயர் பாஷ் என்று மாறியும் பெங்களூரில் பலருக்கு அது இன்றும் மைக்கோ பம்ப்தான். அதன் பக்கவாட்டில், டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பின் தலையில் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகி விடுவித்து மேலும் கீழும் அடிக்க வேண்டும். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று தளர்த்தினோம். முதலில் சோடா மாதிரி நுரை, அப்புறம் நடுநடுவே குமிழி, கடைசியில் ஒரே சீராக டீசல். ஒழுகிக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும், நின்ற பிறகு இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்க்ரூவிலும் இதே வேலை. குமிழ் கைக்குக் கெட்டியாக எதிர்க்க ஆரம்பித்ததும் லைன் நிறைந்துவிட்டது என்று தெரியும். மறக்காமல் குமிழைத் திரும்பத் திருகிவிட வேண்டும், இல்லையென்றால் அங்கேயே கசியும்.

அதற்கும் பிடிக்காவிட்டால் மட்டும் நாசில் நட்டுகளை, பெரும்பாலும் 17 ஸ்பேனர், ஒரு சுற்று தளர்த்தி, சுற்றித் துணி போட்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லலாம். டீசல் துளிர்த்ததும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். விரலை நாசில் பக்கம் கொண்டுபோகவே கூடாது, பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இந்த வேலையே வேண்டாம், அங்கே 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஓடுகிறது.

மூன்றாவது, டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில் 12 வோல்ட் எலக்ட்ரிக் பம்ப் போடுவது. ஜே.சி. ரோட்டில் வாங்கி நண்பரின் வண்டியில் பொருத்தினோம். சாவியை ஆன் செய்து ஸ்க்ரூவைத் தளர்த்தினால் போதும், கை வலிக்காது. கை பம்ப் செத்துப்போன வண்டிக்கும், ஃபில்டர் எட்டாத இடத்தில் இருக்கும் வண்டிக்கும் இது நல்ல தீர்வு. ஆனால் 5 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குள் உள்ள பம்பாகப் பார்த்து வாங்க வேண்டும், ஃபியூஸ் போட வேண்டும். நடுரோட்டில் அது செத்தால் சில மாடல்கள் டீசலை மொத்தமாக அடைத்துவிடும். நாற்பது வருடம் ஓடும் இரும்புக் குமிழோடு இதை ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. கை பம்ப் வேலை செய்கிறதா, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்க் காலியாகாமலே வாரத்துக்கு ஒரு முறை ஏர் இழுக்கிறதென்றால் இந்த மூன்றும் வீண். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே கொஞ்ச நேரம் கண்ணாடி போன்ற ஹோஸ் மாட்டிப் பாருங்கள், குமிழி ஓடுவது தெரியும். என் வண்டியில் கடைசியில் அகப்பட்டது, ஒவ்வொரு சர்வீஸிலும் பழையதையே போட்டு இறுக்கி நசுங்கிப்போன ஒரு காப்பர் வாஷர்.