மலேசியா சுங்கை சிப்புட்ல வெயில் மயக்கத்துக்கு நல்லா பார்த்த கிளினிக்

போன வாரம் தோட்டத்துல செம்பனை குலை வெட்டிட்டு இருந்த அப்பா தலை சுத்துது, வாந்தி வருதுன்னு உக்காந்துட்டாரு, வேர்த்து கொட்டுது ஆனா கைய தொட்டா ஜில்லுனு இருக்கு, நான் பசி மயக்கம்னு நெனச்சிட்டேன். நல்ல வேளை, பஸ் ஸ்டேஷன் பின்னாடி இருக்க கிளினிக்குக்கு கொண்டு போனோம். நர்ஸ் அக்கா நம்பர்கூட எடுக்க சொல்லல, நேரா படுக்க வச்சு கால தூக்கி வச்சு, பூட்ஸ கழட்டி, ஈரத்துணி போட்டு ஃபேன் வச்சு, ஓஆர்எஸ் தண்ணி (உப்பு சர்க்கரை கலந்த தண்ணி) கொஞ்சம் கொஞ்சமா குடுத்தாங்க. அரை மணி நேரத்துல அப்பா முகம் தெளிஞ்சிருச்சு. டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க, பேச்சு குழறுனாலோ உடம்பு சூடு 40 டிகிரி தாண்டுனாலோ அது ஹீட் ஸ்ட்ரோக், உடனே ஆம்புலன்ஸுக்கு 999 கூப்பிட்டுட்டு உடம்புல தண்ணி ஊத்தி குளிர வைங்க, நெனவு இல்லாதவங்க வாயில மட்டும் எதுவும் ஊத்தாதீங்கன்னு. பார்க்கிங்தான் கொஞ்சம் கஷ்டம்.