களிமண் மைதானத்தில் மணல் கீற்று வடிகால்: பல மழைக்காலம் பார்த்த பிறகு

சென்னையில் திருவான்மியூர் பக்கம் மணல் நிலம். அண்ணா நகர், பெரம்பூர் பக்கம் களிமண். களிமண்ணில் உள்ள கால்பந்து மைதானங்களுக்கு அக்டோபர் பிறந்தாலே திண்டாட்டம்தான். முழுவதும் தோண்டி 30 செ.மீ. மணல் படுகை போடப் பலருக்கும் வசதி இருக்காது. அதற்கு மாற்றாகத்தான் மணல் கீற்று வடிகால்: களிமண்ணில் குறுகிய பள்ளங்கள் வெட்டி மணல் நிரப்பி, மழைநீரை அடியில் உள்ள குழாய்களுக்கு இறக்கும் முறை. பல பருவமழைகளில் இதைப் பயன்படுத்திப் பார்த்த எங்கள் முடிவு இது: முறை நல்ல முறை. ஆனால் வருடா வருடம் மேலே மணல் தூவ முடியாதவர்கள் இதில் பணத்தைப் போடவே வேண்டாம்.

அமைப்பு எளிது. ஏறக்குறைய 7 மீட்டருக்கு ஒன்றாக, அரை மீட்டர் ஆழத்தில், 100 மி.மீ. துளைக்குழாய், சரிவு 200 மீட்டருக்கு 1 மீட்டர். அவற்றுக்குக் குறுக்கே ஒரு மீட்டருக்கு ஒரு கீற்று: 5 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழம், உள்ளே கழுவிய கரட்டு மணல். 105-க்கு 68 மீட்டர் ஆடுகளத்தில் கீற்றுகளின் மொத்த நீளம் 7 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அவற்றை நிரப்பவே சுமார் 32 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மணல் பிடிக்கும்.

வேலை கெடுவது பெரும்பாலும் குழாய்ப் பள்ளத்தை மூடும்போதுதான். குழாய்க்கு மேலே 6 மி.மீ. ஜல்லியை, தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே வரை நிரப்ப வேண்டும், மீதிக்கு மணல். அப்போதுதான் கீற்றின் அடி 10 செ.மீ. ஜல்லிக்குள் இறங்கி நிற்கும். தோண்டிய களிமண்ணையே தள்ளிப் பள்ளத்தை மூடிவிட்டால் கீற்றுக்கும் குழாய்க்கும் தொடர்பே இருக்காது. மேலே குளம் கட்டியிருக்கும், கீழே குழாய் காய்ந்து கிடக்கும். மூடுவதற்கு முன் ஆள் நின்று டேப் வைத்து அளந்தே ஆக வேண்டும்.

அடுத்தது மணல். கடையில் கிடைக்கும் எம்-சாண்டை, அதாவது கல்லை உடைத்துச் செய்த மணலை, அப்படியே கொட்டாதீர்கள். 150 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூசி உடைகல் மணலில் 20 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது கான்கிரீட் மணல், ஜல்லிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383. கான்கிரீட்டுக்கு அது போதும். வடிகாலுக்கு 10 சதவீதமே அதிகம். மணலின் பெரும்பகுதி கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டதாக இருக்கட்டும். லோடு இறக்கும் முன் ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணல் மீது சேறு கனமாகப் படிந்தால் லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

முதல் மழைக்காலம் அருமையாகப் போகும். மழை விட்ட சில மணி நேரத்தில் ஆடலாம். அந்தத் திருப்தியில்தான் பலர் பராமரிப்பை விட்டுவிடுகிறார்கள். பூட்ஸ் ஆணிகள் பக்கத்துக் களிமண்ணை இழுத்துக் கீற்றின் வாயில் பூசிவிடும். தண்ணீர் தேங்கத் தொடங்கிய மைதானத்தில் கீற்றுக்குக் குறுக்கே கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பாருங்கள். கீழே மணல் புதிதாகவே இருக்கும், அதன் மேல் விரல் தடிமனுக்கு வழவழவென்று களிமண் தோல். அந்த ஒரு விரல்தான் மொத்தச் செலவையும் வீணாக்குகிறது.

தீர்வு மேல்மணல்தான். ஒரு தடவைக்கு 5 மி.மீ., ஆடுகளத்துக்குச் சுமார் 13 யூனிட். பெர்முடா புல் வேகமாக வளரும் மார்ச் முதல் செப்டம்பர் வரை, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, மணல் அடுக்கு 25 மி.மீ. சேரும்வரை. தூவும் முன் குழல் ஊசி இயந்திரத்தால் 75 முதல் 100 மி.மீ. ஆழம் துளையிட்டு, வெளிவரும் களிமண் உருளைகளைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். மண் ஈரமாகக் குழையும் நாளில் துளையிட்டால் துளையின் சுவர் வழவழவென்று பூசி அடைபட்டுவிடும். தயவுசெய்து செம்மண்ணும் எருவும் கலந்த கலவையை மேலே போடாதீர்கள். வீட்டுப் புல்வெளிக்கு அது பழக்கமானதுதான், ஆனால் கீற்றுகளை அதைவிட வேகமாக அடைப்பது வேறெதுவும் இல்லை.

கோடையில் கீற்றுகளின் மேல் புல் முதலில் வாடும். மைதானம் கோடு போட்டது போலத் தெரியும். மணலில் ஈரமும் உரமும் நிற்காது. தழைச்சத்தைச் சதுர மீட்டருக்கு மாதம் 3 கிராம் என்று வைத்து, இரண்டாகப் பிரித்துப் போட்டால் சமாளிக்கலாம். கரிசல் போன்ற வெடிக்கும் மண்ணில் கீற்றோரமே பிளந்து மணல் உள்ளே இறங்கிவிடும். பருவமழைக்கு முன் அதை நிரப்பியாக வேண்டும்.

பெங்களூரு சின்னசாமி கிரிக்கெட் மைதானத்தில் 2017-இல் வந்த, தரைக்கடியிலிருந்து மழைநீரை இழுக்கும் உறிஞ்சு இயந்திரத்தைக் காட்டி, அது போல வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே தரையே மணலாக மாற்றப்பட்டது. களிமண்ணில் எந்த உறிஞ்சு இயந்திரமும் தண்ணீரை இழுக்காது.

வேலைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் வெளியேறும் இடத்தைப் பாருங்கள். கனமழையில் தெருக் கால்வாய் நிரம்பி உங்கள் குழாய் வாயைவிட உயர்ந்தால் தண்ணீர் திரும்பி உள்ளே வரும். 65 மி.மீ. மழைக்கு ஆடுகளத்தில் மட்டும் 4.6 லட்சம் லிட்டர் விழுகிறது. கால்வாய் மட்டம் சாதகமாக இல்லையென்றால் தொட்டியும் பம்பும், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். கோல் முகப்பில் கீற்றை நம்பாதீர்கள். அந்த இடத்தை மட்டும் 15 செ.மீ. தோண்டி மணல் போட்டு, ஓரத்தில் வளர்த்து வைத்த புல் பத்தைகளை ஒவ்வொரு சீசன் முடிவிலும் மாற்றிவிடுங்கள்.