தஞ்சாவூர், பாலமேடு, மீனாட்சி கோயில் மூன்றும் ஒரே நாளிலா? காசு கட்ட முன் இதைப் படியுங்கள்

தைப்பொங்கலுக்குத் தமிழ்நாடு போக யோசிக்கும் கொழும்பு ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வெள்ளவத்தையில் உள்ள ஒரு பயண முகவர் நிலையத்தில் 'பொங்கல் விசேட சுற்றுலா' என்று காசு கட்டிப் போய், குடும்பத்தோடு நன்றாக ஏமாந்து வந்திருக்கிறோம்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் தஞ்சைப் பெரிய கோயில் நந்தி அலங்காரம், பின்னேரம் மதுரைக்குப் பக்கத்தில் உள்ள பாலமேட்டில் ஜல்லிக்கட்டு, இரவு மதுரை மீனாட்சி அம்மன் தரிசனம் என்று திட்டத்தில் போட்டிருந்தார்கள். ஜல்லிக்கட்டுக்கு 'விஐபி பாஸ்' என்று தனியாகவும் காசு வாங்கினார்கள்.

மதுரையிலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 190 கிலோமீற்றர். போக மூன்றரை மணித்தியாலம், வர அதே அளவு. ஜல்லிக்கட்டோ காலையிலேயே தொடங்கி நான்கு, ஐந்து மணியோடு முடிந்துவிடும். வருடாவருடம் ஆட்களைக் கூட்டிப்போகும் முகவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டேதான் விற்கிறார்கள்.

நந்தியைப் பார்த்தோம், அது உண்மை. காய்கறி, பழம், இனிப்பு என்று உடம்பு முழுக்கச் சாத்தியிருந்தார்கள். கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அம்மா கும்பிட்டு முடிக்க முன்னமே வழிகாட்டி "வாங்க, வாங்க" என்று அவசரப்படுத்தத் தொடங்கிவிட்டார். கோயிலைச் சுற்றிவரக்கூட விடவில்லை.

பாலமேட்டுக்குப் போகும்போதே மாடுகளை ஏற்றிய குட்டி லொறிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. மதுரைக்கார ஓட்டுநர் பாவம், அவர்தான் உண்மையைச் சொன்னார்: "அம்மா, இந்நேரத்துக்குப் போனா ஒண்ணும் பாக்க முடியாதும்மா. காலையிலயே வந்திருக்கணும்." அந்த பாஸைத் தடுப்பருகே நின்ற பொலிஸ்காரரிடம் நீட்டினோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகவரின் சின்னம் அச்சடித்த வெறும் அட்டை, வேறு ஒரு முத்திரையும் இல்லை. "இப்படி ஒரு பாஸ் நாங்க குடுக்கலையே" என்று திருப்பித் தந்துவிட்டார். சவுக்குக் கம்புத் தடுப்புக்குப் பின்னால் நின்று ஆட்களின் தலையைத்தான் பார்த்தோம். மாடு பார்க்கவென்றே வந்த என் மகன் அழுதுவிட்டான்.

மீனாட்சி கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. 2018இல் அங்கே தீப்பிடித்த பிறகு வந்த தடை அது. இதையும் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கைபேசியை ஒப்படைக்க ஒரு வரிசை, தரிசனத்துக்கு இன்னொரு வரிசை. முழங்கால் வருத்தத்தோடு அம்மா நின்றதை நினைத்தால் இப்பவும் கோபம் வருகிறது.

கொழும்பு திரும்பிக் கேட்டபோது, "அக்கா, பண்டிகை நாள், நாங்க என்ன செய்ய ஏலும்?" என்றார்கள். அந்த பாஸ் காசுக்கு இன்றுவரை பதில் இல்லை.

போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, காணும் பொங்கலன்று அலங்காநல்லூர், இதுதான் வழமை. ஜல்லிக்கட்டு பார்ப்பதென்றால் அந்த நாளை அதற்கே விட்டுவிடுங்கள், விடியவே போய்விடுங்கள். அலங்காநல்லூரில் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று தமிழ்நாடு சுற்றுலாத் துறை தனி மேடை ஒதுக்குவதுண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நாமும் வெளிநாட்டவர்தானே, மதுரையில் அவர்களுடைய அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். முகவரிடம் போனால் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று பற்றுச்சீட்டோடு எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் காசு கட்ட வேண்டாம்.

நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் இலக்கம் 1977. எங்களோடு அதே வாகனத்தில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களிடம் இருக்கும் பற்றுச்சீட்டையும் அந்த பாஸ் அட்டையையும் எறிந்துவிடாமல் நீங்களும் ஒரு முறைப்பாடு கொடுங்கள்.