கால் வலிக்கு தெர்மல் ஸ்கேனா, எம்ஆர்ஐயா?

இடுப்புல ஆரம்பிச்சு காலுக்கு சுரீர்னு இறங்குற வலி, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்குற மெத்தை) நரம்ப அழுத்துதோன்னு பயம், பாண்டில நிறைய பேர் இந்த ரெண்டுல எதுன்னு குழம்புறாங்க.

என்ன தெரியும்?
தெர்மல்: தோல் சூடு மட்டும்தான். நரம்பு பாதிச்சா ரத்த ஓட்டம் மாறி ரெண்டு காலுக்கும் சூடு வித்தியாசப்படலாம், ஆனா எந்த இடத்துல அழுத்துதுன்னு காட்டாது.
எம்ஆர்ஐ: டிஸ்க், நரம்பு ரெண்டும் நேராவே தெரியும்.

நம்பலாமா?
தெர்மல்: கடலூர்ல இருந்து வெயில்ல பைக் ஓட்டிட்டு வந்து, இடுப்புல தைலம் வேற தேச்சிருந்தா படம் அம்போ. ஏசி ரூம்ல கால் மணி நேரமாவது தோல் ஆறணும்.
எம்ஆர்ஐ: இதுவும் வேதவாக்கு இல்லீங்க, 1994ல வந்த ஒரு ஆய்வுல முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எடுத்துப் பாத்தா பாதிப் பேருக்கு மேல டிஸ்க் புடைப்பு!

கஷ்டம்?
ரெண்டுலயும் கதிர்வீச்சு இல்ல. எம்ஆர்ஐ சத்தம்தான் காதப் பொளக்கும்.

என்னக் கேட்டா டிஸ்க் சந்தேகத்துக்கு தெர்மல்ல காசு போடாதீங்க. ஒரு கை மட்டும் சில்லுன்னு ஆகி நிறம் மாறுற மாதிரி வலின்னா டாக்டரே தெர்மல துணைக்கு எடுக்கச் சொல்லலாம். சாதாரண வலிக்கு மொத 6 வாரம் பல பேருக்கு ஸ்கேனே வேணாம். ஆனா பாதம் தொங்குது, ஒண்ணுக்கு வரமாட்டேங்குதுன்னா யோசிக்காம ஜிப்மர் எமர்ஜென்சிக்கு ஓடுங்க.