முதல் இழுப்பில் தெரியும்: முழு அளவு 9 மி.மீ. பிஸ்டல்கள், எஃகும் பிளாஸ்டிக்கும்

பிஸ்டல் வாங்கப் போகிறவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, மேகசினில், அதாவது பிடிக்குள் சொருகும் தோட்டாப் பெட்டியில், எத்தனை தோட்டா பிடிக்கும் என்றுதான். பெரெட்டா 92-இல் 15. சிக் பி226-இல் 15. சி.இசட். 75-இல் முன்பு 15, பிறகு 16. கிளாக் 17-இல் 17. இந்த இரண்டு தோட்டா வித்தியாசத்தை வைத்து முடிவெடுத்தவர் யாரும் பின்னால் அதைப் பெரிதாக நினைத்து நான் பார்த்ததில்லை. காலித் துப்பாக்கியைக் கையில் வாங்கி, சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை, திறந்து பார்த்துவிட்டு, ஒரே ஒரு தடவை டிரிகரை இழுத்துப் பாருங்கள். அப்போது உங்கள் ஆள்காட்டி விரல் படும் பாடுதான் பாதிப் பதில்.

அதற்கு முன் ஒரு கேள்வி: முழு அளவு உங்களுக்கு வேண்டுமா? ராணுவமும் போலீஸும் இடுப்பில் வெளிப்படையாகத் தொங்கவிடும் அளவு இது. குழல் 110 முதல் 125 மி.மீ. வரை இருக்கும், பிடியில் சுண்டுவிரலுக்கும் இடம் உண்டு. சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போக நினைப்பவருக்கு இது வீண் சுமை. அங்கே தொல்லை தருவது குழலின் நீளமில்லை, பிடியின் உயரம்தான். குனிந்தால் அதுதான் துணியைத் தூக்கிக் காட்டும். அப்படிப்பட்டவருக்கு 1988-இல் வந்த கிளாக் 19 போன்ற நடுத்தர அளவே போதும். குழல் 12 மி.மீ. குறைவு, தோட்டா இரண்டு குறைவு, அவ்வளவுதான். சுடுதளத்தில் பயிற்சி, போட்டி, வீட்டில் பெட்டகத்துக்குள் பூட்டி வைப்பது, இவைதான் உங்கள் காரணங்கள் என்றால் முழு அளவே மேல். எடை கூடினால் உதைப்பு குறையும். குறி பார்க்கத் துப்பாக்கியின் மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடினால் குறி வைப்பதில் வரும் சின்னப் பிழை கண்ணுக்குத் தெரியும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தப் பிஸ்டல்களுக்கான 9 மி.மீ. தோட்டாவை (9×19) படைகளுக்கென்றே ஒதுக்கி, தனிநபருக்குத் தராத நாடுகள் உண்டு. சில இடங்களில் மேகசின் கொள்ளளவுக்கும் வரம்பு உண்டு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மேலே படிப்பதே நல்லது.

தோட்டாவைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. கியோர்க் லூகர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தது. ஜெர்மன் கடற்படை 1904-இலும் தரைப்படை 1908-இலும் எடுத்துக்கொண்டன. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு 9 மி.மீ. போதாது என்று சொல்லிப் பெரிய தோட்டாக்களுக்குப் போன எஃப்.பி.ஐ., 2016-இல் திரும்பவும் 9 மி.மீ. கிளாக்குக்கே வந்துவிட்டது. குண்டின் வடிவமைப்பு தேறிவிட்டது, உதைப்பு குறைவு என்பதால் கூடுதல் பேர் நன்றாகச் சுடுகிறார்கள், இவைதான் காரணங்கள்.

இனி எஃகுக் கூட்டம். உலோகச் சட்டம் (பிடியும் டிரிகரும் சேர்ந்த அடிப்பகுதி), வெளியே தெரியும் சுத்தியல். இவற்றின் தாத்தா 1938-இன் வால்தர் பி38. சுத்தியல் கீழே இருக்கும்போது முதல் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும். அந்த ஒரு தோட்டா போனதும், சட்டத்தின் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடே சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்திவிடும், இரண்டாவதிலிருந்து இழுப்பு சின்னது, லேசானது. பெரெட்டா 92-இல் முதல் இழுப்பு ஐந்து கிலோவுக்கு மேல், அடுத்தது இரண்டே சொச்சம். ஒரே துப்பாக்கியில் இரண்டு டிரிகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பெரெட்டாவில் பழகிய காலத்தில் தாளில் ஒரு ஓட்டை மட்டும் எப்போதும் இடது கீழ் மூலையில் தனியாக இருக்கும், மற்றவை நடுவில் கூட்டமாக. குறியைத் திருகித் திருகிப் பார்த்தேன். குறியில் ஒரு குற்றமும் இல்லை. அது ஒவ்வொரு மேகசினிலும் முதல் தோட்டா, இழுத்து முடிக்கும் அவசரத்தில் மொத்தக் கையையும் நான் அழுத்திக்கொண்டிருந்தேன்.

அதற்காகப் பெரெட்டாவை மட்டம் தட்ட மனம் வரவில்லை. சுமார் 950 கிராம் எடை, 125 மி.மீ. குழல். மற்ற பிஸ்டல்களில் குழல் சாய்ந்து திறக்கும். இதில் பி38-இல் இருப்பது போன்ற, குழலையும் ஸ்லைடையும் பிணைக்கும் பூட்டுக் கட்டை கீழே இறங்க, குழல் நேராகப் பின்னால் போய்வரும். ஸ்லைடின் மேல்பகுதி திறந்தே இருப்பதால் காலிக்கூடு மாட்டிக்கொள்ள இடம் குறைவு. சுடும்போது கிடைக்கும் அந்த வழுக்கலான ஓட்டத்தை வேறெதிலும் நான் உணர்ந்ததில்லை. 1985-இல் அமெரிக்கப் படை இதை எம்9 என்று எடுத்துக்கொண்டது. கடைசிவரை நின்ற இன்னொரு பிஸ்டல் சிக் பி226. சோதனையில் இரண்டும் தேறின, மொத்த விலையில்தான் சிக் தோற்றது. ஆரம்பத்தில் சில ஸ்லைடுகள் உடைந்தன. அப்படி உடைந்தாலும் பின்பகுதி சுடுபவர் முகத்துக்கு வராதபடி சுத்தியல் ஊசியின் தலையைப் பெரிதாக்கிய மாற்றம்தான் 92எஃப்எஸ். பழைய பெரெட்டா வாங்குபவர் இந்த எழுத்துகளைப் பார்த்து வாங்க வேண்டும். பூட்டுக் கட்டை தேய்கிற பொருள், அதையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

இதன் பெரிய குறை பிடியின் தடிமனும் டிரிகர் இருக்கும் தூரமும். சின்னக் கைக்காரர் முதல் இழுப்புக்கு விரல் நுனியை மட்டும்தான் எட்டவைக்க முடியும். சேஃப்டி ஸ்லைடின் மேல் இருப்பதால், ஸ்லைடைப் பற்றி இழுக்கும்போது அது தானாக விழுந்துவிடுவதும் உண்டு. அதற்காகவே சுத்தியலை இறக்க மட்டும் பயன்படும் நெம்புகோலுடன் ஜி என்ற வகையும் இருக்கிறது.

சிக் பி226 இந்தத் தொல்லைகளை ஏற்கெனவே தவிர்த்துவிட்டது. சுத்தியலை இறக்கும் நெம்பு இடது பக்கச் சட்டத்தில், கட்டைவிரலுக்கு நேராக இருக்கிறது. கையால் போடும் சேஃப்டியே கிடையாது. முதல் இழுப்பு மட்டும் இதிலும் கனம்தான். அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவு பல்லாண்டுகள் இதைத்தான் வைத்திருந்தது. இதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை, காதலும் இல்லை.

சி.இசட். 75 வேறு கதை. செக்கோஸ்லோவாக்கியாவில் 1975-இல் ஏற்றுமதிக்கென்றே உருவானது; அந்த நாட்டுப் படை அப்போது வேறு தோட்டாவில் இருந்தது. மற்றவற்றில் ஸ்லைடு சட்டத்தின் மேல் வெளிப்புறமாக ஓடும். இதில் சட்டத்துக்கு உள்ளே ஓடுகிறது. அதனால் குழல் கைக்கு நெருக்கமாகத் தாழ்ந்து உட்காரும், முனை துள்ளுவது குறையும். ஒரு கிலோ எடையும் சேர்ந்துகொள்ள, இரண்டாவது குண்டுக்குக் குறி தானே வந்து நிற்பது போலிருக்கும். பிடியோ, யார் கையை அளவெடுத்துச் செய்தார்களோ தெரியவில்லை, எல்லார் கைக்கும் பொருந்துகிறது. ஆனால் வசதிக்கு விலை உண்டு: ஸ்லைடு உள்ளே ஒடுங்கியிருப்பதால் பற்றி இழுக்க வெளியே கொஞ்சம்தான் தெரியும். வியர்த்த கையிலோ மூட்டுவலி உள்ள கையிலோ அது வழுக்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாதாரண 75-இல் சுத்தியலை இறக்கத் தனி நெம்பு இல்லை. சேம்பரில் தோட்டாவை வைத்துக்கொண்டு டிரிகரை இழுத்து, சுத்தியலைக் கட்டைவிரலால் தாங்கி மெல்ல இறக்க வேண்டியிருக்கும். கட்டைவிரல் வழுக்கினால் தோட்டா வெடிக்கும். நான் அதைச் செய்வதில்லை, புதியவரும் செய்யக்கூடாது. சுத்தியலை ஏற்றிய நிலையிலேயே சேஃப்டி போட்டுவைக்கலாம், இல்லையேல் நெம்பு உள்ள பி.டி. வகையை வாங்கலாம்.

பிளாஸ்டிக் பக்கம் வந்தால் பேச்சு சுருங்கும், ஏனென்றால் அங்கே கற்றுக்கொள்ளவும் குறைவாகத்தான் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. அதற்கு முன் துப்பாக்கியே செய்திராத காஸ்டன் கிளாக், ஆஸ்திரியப் படைக்காக வடிவமைத்த கிளாக் 17-ஐ அது 1982-இல் பி80 என்று ஏற்றது. பெயரில் உள்ள 17 தோட்டாக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது அவருடைய 17-ஆவது காப்புரிமை. மேகசின் இல்லாமல் 630 கிராம் அளவில்தான் எடை, 17 தோட்டாவும் நிரப்பினால் 900-ஐ ஒட்டி வரும், அதாவது காலிப் பெரெட்டாவைவிடக் கொஞ்சம் குறைவு. சுத்தியல் கிடையாது, உள்ளே ஸ்ட்ரைக்கர், அதாவது வில்லால் பாய்ந்து தோட்டாவை அடிக்கும் ஊசி. முதல் இழுப்பும் பதினேழாவதும் ஒன்றுதான், இரண்டரைக் கிலோ. எனக்கு இருந்த அந்த இடது மூலை ஓட்டை கிளாக்கில் முதல் நாளே காணாமல் போனது. 2013-இல் பிரிட்டிஷ் படை தன் பழைய பிரௌனிங் ஹைபவரை விட்டு இதற்கு மாறியது.

டிரிகர் அழகில்லை, ஈரமான அட்டையை இழுப்பது போலிருக்கும். கூடவே வரும் பிளாஸ்டிக் குறிகளை நான் மாற்றிவிடுவேன். பிடியின் சாய்வு மற்றவற்றைவிட அதிகம் என்பதால், எஃகில் பழகிய கை கிளாக்கை நீட்டினால் முனை சற்று வானம் பார்க்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், துடைக்கக் கழற்றுவதற்கு டிரிகரை இழுத்தாக வேண்டும். சேம்பரைப் பார்க்க மறந்தவர் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்ட கதைகள் இங்கிருந்துதான் வருகின்றன. வெளியே சேஃப்டி நெம்பும் இல்லை. டிரிகரை மூடாத உறையில் இதைச் சொருகவே கூடாது.

சிக் பி320-இல் டிரிகரை இழுக்காமலே கழற்றலாம். சுடும் பொறி ஒரு தனிப் பெட்டியாக வெளியே வரும், பிடியையும் ஸ்லைடையும் வேண்டிய அளவில் மாற்றிக்கொள்ளலாம். எம்9-க்குப் பதிலாக 2017-இல் அமெரிக்கப் படை எடுத்தது இதன் எம்17 வடிவத்தைத்தான். அதே ஆண்டில், சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரிந்து, நிறுவனமே இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. அதற்குப் பிறகும் வழக்குகள் ஓய்ந்தபாடில்லை. பழையது வாங்கினால் அந்த மாற்றம் செய்யப்பட்டதா என்று தொடர் எண்ணைக் கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள். வால்தர் பி.டி.பி., ஹெக்லர் கோக் வி.பி.9, ஸ்மித் வெஸ்ஸன் எம் அண்ட் பி மூன்றின் டிரிகரும் பிடியும் என் கைக்குக் கிளாக்கைவிட இதமானவை. உதிரிபாகமும் மேகசினும் உறையும் கிடைப்பதில் மட்டும் கிளாக்கை எட்டுவது கடினம்.

முதல் பிஸ்டல், வாரம் ஒருமுறை பயிற்சிக்குப் போவதே பெரிய விஷயம் என்றால், நான் கிளாக் 17-ஐத்தான் கையில் கொடுப்பேன். வாரம் 100 தோட்டா என்றாலும் ஆண்டுக்கு 5,200. துப்பாக்கியின் விலையைத் தோட்டாச் செலவு சீக்கிரமே தாண்டிவிடும், ஆகவே அந்தத் தோட்டாக்களை இரண்டு டிரிகருக்குப் பங்கு போடாமல் ஒன்றிலேயே செலவழிப்பது லாபம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சுடுபவர், இந்த விளையாட்டுக்காகவே வாங்குபவர் என்றால் சி.இசட். 75. பெரெட்டா, நீண்ட விரலும் பொறுமையும் உள்ளவருக்கு.

நான் பெரெட்டாவை விற்றுவிட்டேன். அந்த முதல் தோட்டாவைத் தாளின் நடுவுக்குக் கொண்டுவர எனக்கு எட்டு மாதம் ஆனது. வந்த பிறகுதான் விற்றேன், தோற்று விற்றதாக இருக்கக்கூடாதே என்று.