சீரியலில் அண்ணி வேடம் என்று சொல்லி 38,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

நேற்று ராத்திரிதான் சென்னையிலிருந்து திருச்சி வந்து இறங்கினேன். தூக்கம் வரவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான்கு வருஷமாக ஓடும் ஒரு மெகா சீரியல். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை. அதில் அண்ணியாக நடிப்பவர் விலகுகிறார், அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறோம் என்று ஒரு காஸ்டிங் ஏஜென்சியிலிருந்து போன். என் ரீல்ஸைப் பார்த்தார்களாம். "உங்க கண்ணே நடிக்குது மேடம்" என்றான். 43 வயதில் இதைக் கேட்டால் யாருக்குத்தான் காது குளிராது?

பதிவுக் கட்டணம் 3,500, போட்டோ ஷூட்டுக்கு 15,000. அதுவரைகூட மனசுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. அப்புறம்தான் வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்தது. சீரியலில் ஆள் மாறினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று போடுவார்களே, அதேதான். இடது பக்கம் அந்த நடிகை, வலது பக்கம் மெரூன் புடவையில் நான், மூலையில் சேனல் லோகோ. "திங்கட்கிழமை எபிசோடுக்கு ரெடி, யாருக்கும் காட்டாதீங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு. அம்மா உப்பு மிளகாய் சுற்றித் திருஷ்டி கழித்தாள். நடிகர் சங்க உறுப்பினர் கார்டுக்கு என்று கேட்ட 20,000-ஐ, சீட்டு எடுத்த பணத்திலிருந்து அன்றைக்கே ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மொத்தம் 38,500.

திங்கட்கிழமை வந்தது. அதே அண்ணி, அதே சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். கேட்டால், ஏற்கெனவே எடுத்து வைத்த எபிசோடுகள் முடியட்டும் என்றான். அடுத்த வாரம், "ஆடி போகட்டும் மேடம், ஆவணியில நல்ல நாள் பார்ப்போம்." அப்புறம் டைரக்டருக்குக் காய்ச்சல். கடைசியில் என் மேலேயே எரிந்து விழுந்தான்: "சும்மா போன் பண்ணிட்டே இருந்தா லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுவாங்க."

நேரில் போனேன். சாலிக்கிராமத்தில் ஒரு தையல் கடை மாடி. பூட்டு. டெய்லர் மெஷினிலிருந்து நிமிராமலே, "இந்த வாரம் நீங்க மூணாவது ஆளும்மா" என்றார். விடவில்லை, விசாரித்து ஷூட்டிங் நடக்கும் வீட்டுக்கே ஆட்டோவில் போய்விட்டேன். கேட்டில் நின்ற புரொடக்‌ஷன் மேனேஜர் என் கார்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். 'சின்னதிரை' என்று அச்சடித்திருந்தது, 'த்' இல்லை. பத்தாம் வகுப்புக்குத் தமிழ் ட்யூஷன் எடுக்கிறவள் நான்! "நாங்க ஆர்ட்டிஸ்ட்டுக்குச் சம்பளம் கொடுக்கிறவங்கம்மா, அவங்ககிட்ட வாங்குறவங்க இல்ல. அண்ணியும் எங்கேயும் போகல" என்றார்.

நடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நிறைய எழுத நினைத்தேன், இப்போது ஓடவில்லை. நடிப்பதற்குப் பணம் கேட்டால் போனை வையுங்கள். சங்க கார்டு என்றால் சங்க அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், பணம் கை மாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. நான் 26 நாள் கழித்துச் செய்தேன். ஜிபேயில் இருக்கும் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கேட்டார்கள், அதைக் குறித்து வையுங்கள்.

அதே தையல் கடை மாடிக்குப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம். 38,500 ரூபாய். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்கும் ஆறரைக்கே டிவியைப் போட்டுவிட்டாள்.